ஆய்வுக்கூடத் தட்டில் ஜெயித்த கிரீன் டீ, கோப்பையில் என்ன செய்கிறது?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2025-இல் ஜெரோசயின்ஸ் இதழில் வெளியானது. அல்சைமர் நோய் வரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகள் கிழடு தட்டிய பிறகு, அவற்றின் மூளையிலிருந்து நியூரான்களை எடுத்து ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்தார்கள். அதில் இரண்டு பொருள்களைச் சேர்த்தார்கள். ஒன்று, வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நிகோடினமைடு. இன்னொன்று, கிரீன் டீயில் இருக்கும் இஜிசிஜி. 24 மணி நேரத்தில் அந்தக் கிழட்டு நியூரான்களுக்குள் ஜிடிபி என்ற ஆற்றல் மூலக்கூறின் அளவு இளம் நியூரான்களில் இருப்பதுபோல ஏறிவிட்டது. சேர்ந்து கிடந்த அமிலாய்டு புரதக் கட்டிகளும் குறைந்தன.

ஜிடிபி என்பது என்ன? செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி நமக்குப் பள்ளிப் பாடத்திலேயே அறிமுகம். ஜிடிபி அதன் உடன்பிறப்பு. செல்லுக்குள் சேரும் வேண்டாத புரதங்களைப் பைகளில் அடைத்து, கரைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு இது தேவை. வயதாக ஆக நியூரானில் உடனே பயன்படுத்தத் தயாராக இருக்கும் ஜிடிபி குறைகிறது, அதனால் துப்புரவு வேலை தேங்குகிறது என்பதுதான் அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு. அது நல்ல அறிவியல். ஆனால் செய்தியாகப் பரவும்போது ‘கிரீன் டீ குடித்தால் மூளை இளமையாகும்’ என்று சுருங்கிவிட்டது. ஆய்வுக் குழுத் தலைவர் கிரெகரி பிரூவர் எச்சரிக்கையாகத்தான் பேசினார். நிகோடினமைடை வாய்வழியாகக் கொடுத்தால் ரத்தத்திலேயே அது செயலிழந்துவிடுவதால், இதை எப்படி மூளைக்குக் கொண்டுபோவது என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த எச்சரிக்கை இந்த ஓர் ஆய்வுக்கு மட்டும் உரியது அல்ல. கிரீன் டீயும் மூளையும் என்ற துறை முழுக்க இதே பள்ளம் இருக்கிறது. தட்டில் போட்டால் அசத்துகிறது. கோப்பையில் குடித்தால் மிதமான, ஆனால் திரும்பத் திரும்பத் தென்படும் ஒரு நன்மை. கேப்ஸ்யூலில் அடைத்து நோயாளிக்குக் கொடுத்தால் இதுவரை ஏமாற்றம், சிலருக்குக் கல்லீரல் தொந்தரவும்கூட. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு பக்கம் அதீத நம்பிக்கையும் இன்னொரு பக்கம் ‘எல்லாம் வியாபாரம்’ என்ற அலட்சியமும் வருகின்றன. பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகவே இருக்கிறது.

முதலில் இலையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கிரீன் டீயும் நாம் தினமும் குடிக்கும் டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். இலையை வாட்டி, கசக்கி, காற்றில் விட்டால் இலைக்குள் இருக்கும் ஒரு நொதி வேலை செய்யத் தொடங்கும். இலை பழுப்பேறும், மணம் மாறும். கேட்டச்சின் என்ற துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற பெரிய மூலக்கூறுகளாகும். கறுப்புத் தேயிலையின் நிறமும் கடுப்பும் அவற்றிலிருந்து வருபவை. பறித்த சூட்டோடு இலையை ஆவியில் காட்டிவிட்டால் அந்த நொதி செத்துவிடும். கேட்டச்சின்கள் அப்படியே நிற்கும். ஜப்பானில் பெரும்பாலும் ஆவி, சீனாவில் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுப்பது. அவ்வளவுதான் கிரீன் டீ.

கேட்டச்சின்களில் நான்கு முக்கியமானவை. அவற்றில் அளவிலும் வீரியத்திலும் பெரியது எபிகேலோகேட்டச்சின் கேலேட், சுருக்கமாக இஜிசிஜி. கிரீன் டீ நாக்கில் விடும் கசப்புத் துவர்ப்பு பெரும்பாலும் இதனுடையதுதான்.

கிரீன் டீயிலிருந்து கேட்டச்சினை முதலில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. மிச்சியோ சுஜிமுரா, ஜப்பானியர். ஹொக்கைடோ இம்பீரியல் பல்கலைக்கழகம் அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் அங்கே சம்பளம் இல்லாமல் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு தோக்கியோவில் ரிக்கென் ஆய்வு நிறுவனத்துக்குப் போய் உமெதாரோ சுசுகியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். கிரீன் டீயில் வைட்டமின் சி இருப்பதை 1924-இல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து காட்டினார். 1929-இல் கேட்டச்சினைப் பிரித்தெடுத்தார். 1932-இல் வேளாண் அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஜப்பானில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். இன்று இந்தத் துறையில் வரும் அத்தனை ஆய்வுகளும் அவர் போட்ட அந்த வேதியியல் அடித்தளத்தின்மேல்தான் நிற்கின்றன.

இலையில் இன்னொரு பொருளும் உண்டு, தியனைன். 1949-இல் கியோத்தோவில் கியோகுரோ என்ற உயர்ரகத் தேயிலையில் கண்டுபிடிக்கப்பட்ட அமினோ அமிலம். செடியின் வேரில் உருவாகி இலைக்கு ஏறும். வெயில் பட்டால் அது குறைந்து கேட்டச்சின் கூடும். நிழல் போட்டு வளர்த்தால் தியனைன் தங்கும். கியோகுரோவும், மாட்சா என்ற கிரீன் டீப் பொடிக்கான இலையும் பறிப்பதற்கு முன்பு சுமார் மூன்று வாரம் நிழலில் வளர்வதால்தான் அந்த இனிப்பு கலந்த சுவை. தியனைன் மூளைக்குள் எளிதாக நுழையும்; கஃபீனோடு சேரும்போது படபடப்பு இல்லாமல் கவனம் கூர்மையாகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் கொடுத்தது பெரும்பாலும் 100, 200 மில்லிகிராம். ஒரு கோப்பையில் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்கு. முதுமை மறதி விஷயத்தில் பெரிய ஆய்வுகள் எதுவும் தியனைனைத் தனியாக எடுத்துச் சோதிக்கவில்லை என்பதால் அதை இங்கேயே விட்டுவிட்டு இஜிசிஜிக்குத் திரும்புவோம்.

தட்டில் நடந்த அதிசயங்கள்

அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நோய்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. இயல்பாகக் கரைந்து திரிய வேண்டிய ஒரு புரதம் தப்பாக மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, நார்நாராகக் கட்டிக்கொள்கிறது. அல்சைமரில் அமிலாய்டு பீட்டாவும் டவ்வும், பார்க்கின்சனில் ஆல்ஃபா சினுக்ளீன். பெர்லினில் உள்ள மேக்ஸ் டெல்ப்ரூக் மையத்தில் எரிக் வாங்கரின் குழு 2008-இல் ஒன்றைக் காட்டியது. இஜிசிஜியைச் சேர்த்தால் அமிலாய்டு பீட்டாவும் ஆல்ஃபா சினுக்ளீனும் அந்த நார்களாக மாறாமல், செல்லுக்குத் தீங்கு செய்யாத உருண்டைகளாகத் திசைமாறிப் போகின்றன. இரண்டு வருடம் கழித்து, ஏற்கெனவே உருவான நார்களையும் இஜிசிஜி உருக்குலைக்கும் என்று காட்டினார்கள்.

அதே நேரத்தில் ஜெர்மனியில் நடந்த ஒரு சம்பவம் இந்தத் துறைக்குக் கவனத்தைத் தேடிக்கொடுத்தது. வெர்னர் ஹுன்ஸ்டைன் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் ரத்தநோய்ப் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கே ஏஎல் அமிலாய்டோசிஸ் என்ற நோய் வந்தது. இங்கே புரதம் படிவது மூளையில் அல்ல, இதயத்தில். கீமோதெரபி எடுத்தும் இதயம் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது. கிரீன் டீயை ஒன்றரை, இரண்டு லிட்டர் என்று தினமும் குடிக்க ஆரம்பித்தார். இதயச் சுவரின் தடிப்பு குறைந்தது, உடலும் தேறியது. 2007-இல் இரத்தவியலின் முன்னணி இதழான பிளட்டில் தன் கதையைக் கடிதமாகவே எழுதினார்.

ஒரு மருத்துவர் தன் உடம்பில் கண்டதை அளந்து எழுதிய அந்தக் கடிதத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரே ஒருவருடைய அனுபவம் அது. அதற்கு முன்பு கீமோதெரபியும் எடுத்திருந்தார். அதை வைத்து இன்னொரு நோயாளிக்கு வாக்குறுதி கொடுக்க முடியாது.

2022-இல் இதைவிட நுட்பமான ஒரு படம் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் டேவிட் ஐசன்பெர்க்கின் குழு, அல்சைமரில் இறந்தவர்களின் தானமாகக் கிடைத்த மூளையிலிருந்து டவ் நார்களைப் பிரித்தெடுத்து, இஜிசிஜியைச் சேர்த்து, உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது. நாரின் நீளவாக்கில் இருக்கும் ஒரு பிளவுக்குள் இஜிசிஜி மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அங்கே உட்கார்ந்த பிறகு நார் பிரிந்து போகிறது. அப்புறம் அந்தக் குழு என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். கிரீன் டீ குடியுங்கள் என்று சொல்லவில்லை. அதே பிளவில் பொருந்தக்கூடிய, ஆனால் மூளைக்குள் நன்றாக நுழையக்கூடிய வேறு மூலக்கூறுகளைக் கணினியில் தேட ஆரம்பித்தது. இஜிசிஜி அந்த வேலைக்கு லாயக்கு இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஏன் லாயக்கு இல்லை?

ஒரு கோப்பை கிரீன் டீயில் இஜிசிஜி சுமார் 50 முதல் 100 மில்லிகிராம் இருக்கும். இலை, அளவு, நீரின் சூடு, ஊறும் நேரத்தைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கலாம். குடித்ததில் மிகச் சிறிய பங்குதான் குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வருகிறது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, அன்றே இறங்கிவிடும். அந்த உச்சம்கூட, செறிவை அளக்கும் அலகில் சொன்னால், ஒரு மைக்ரோமோலாரைத் தொடுவதில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் ஊற்றுவது பல நேரம் 10, 20 மைக்ரோமோலார், அதற்கும் மேல். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி உள்ளே போவது அதிலும் சொற்பம். தட்டில் நடந்தது அப்படியே தலைக்குள் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அப்படியானால் மிச்சம் எங்கே போகிறது? பெருங்குடலுக்கு. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் கேட்டச்சின்களை உடைத்து வேலரோலாக்டோன் என்ற சிறிய மூலக்கூறுகளாக்குகின்றன. இவை ரத்தத்தில் இஜிசிஜியைவிட அதிக நேரம் தங்கும். மூளைக்குள் நுழையும் வாய்ப்பும் இவற்றுக்குத்தான் அதிகம் என்று கருதப்படுகிறது. ஆனால் ஒருவர் குடலில் இருக்கும் பாக்டீரியா இன்னொருவர் குடலில் இருக்காது. ஒரே டீயைக் குடித்த இரண்டு பேருடைய ரத்தத்தில் இந்த மூலக்கூறுகளின் அளவு மிகவும் வேறுபடுவதற்குக் காரணம் இதுதான். கிரீன் டீயில் மூளைக்கு ஏதாவது நன்மை இருந்தால், அதைச் செய்வது இஜிசிஜியாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குடல் அதிலிருந்து செய்து அனுப்பும் பொருளாகவும் இருக்கலாம். கேப்ஸ்யூல் விற்பவர்கள் இஜிசிஜியின் மில்லிகிராமை மட்டும் பெரிதாக அச்சிடும்போது இந்த விஷயம் காணாமல் போய்விடுகிறது.

ஜப்பானின் பெரியவர்கள் சொல்வது

சரி, மனிதர்களிடம் என்ன தெரிகிறது? இதற்கு ஜப்பானைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே கிரீன் டீ ஆரோக்கியத்துக்காகக் குடிக்கும் பானம் அல்ல. சாப்பாட்டோடும், விருந்தாளி வந்தாலும், சும்மா உட்கார்ந்தாலும் குடிப்பது. அதனால் நிறையக் குடிப்பவர், குறைவாகக் குடிப்பவர் என்று ஒப்பிட ஆயிரக்கணக்கில் ஆள் கிடைப்பார்கள்.

சென்டாய் நகரின் சுருகாயா பகுதியில் 70 வயதைத் தாண்டிய 1,003 பேரைத் தோஹோக்கு பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். நாள் ஒன்றுக்கு இரண்டு கோப்பை அல்லது அதற்கு மேல் கிரீன் டீ குடித்தவர்களிடம் அறிவாற்றல் குறைபாடு இருக்கும் வாய்ப்பு, வாரத்துக்கு மூன்று கோப்பைக்கு மேல் குடிக்காதவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. ஆனால் அது ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு. டீ குடித்ததால் ஞாபகம் நன்றாக இருந்ததா, ஞாபகம் நன்றாக இருப்பவர்தான் எழுந்து டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாரா என்று அதில் பிரிக்க முடியாது.

அடுத்தது கடலோர இஷிகாவா மாகாணத்தின் நகாஜிமா. 60 வயதைத் தாண்டிய 490 பேரை ஏறத்தாழ ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 2014-இல் எழுதினார்கள். தினமும் கிரீன் டீ குடித்தவர்களுக்கு டிமென்ஷியா என்ற முதுமை மறதி நோயோ அதற்கு முந்தைய லேசான அறிவாற்றல் குறைபாடோ வரும் வாய்ப்பு, குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான்.

எனக்கு மிகவும் நம்பகமாகப் படுவது மியாகி மாகாணத்தின் ஒசாகி ஆய்வு. 65 வயதைத் தாண்டிய 13,645 பேர். 2006-இல் அவர்களுடைய பழக்கங்களைக் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். பிறகு 5.7 வருடம் காத்திருந்தார்கள். யாருக்கு டிமென்ஷியா வந்தது என்பதை ஜப்பானிய அரசின் முதியோர் நெடுங்காலப் பராமரிப்புக் காப்பீட்டுப் பதிவிலிருந்து எடுத்தார்கள். பராமரிப்பு உதவி கேட்டு வருபவரை மருத்துவர் பரிசோதித்துக் குறித்த பதிவு அது என்பதால், ஒருவர் ஆய்வுக்கு வரமுடியாமல் போனாலும் கணக்கிலிருந்து தவறிப்போக மாட்டார். மொத்தத்தில் 8.7 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா வந்தது. நாளுக்கு ஐந்து கோப்பை அல்லது அதற்கு மேல் குடித்தவர்களுக்கு, ஒரு கோப்பைக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட அபாயம் 27 சதவீதம் குறைவு.

ஐந்து கோப்பை என்றதும் மலைக்க வேண்டாம். அந்த வட்டாரத்தில் ஒரு கோப்பை என்பது சுமார் 100 மில்லிலிட்டர், நம் டீக்கடை கிளாஸ் அளவு. ஐந்து கோப்பையும் சேர்த்தால் அரை லிட்டர்தான்.

இந்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. 490 பேர் ஆய்வில் பலன் பிரமாண்டம். 13,645 பேரில் அது 27 சதவீதமாக இறங்குகிறது. ஆட்கள் கூடக்கூடப் பலன் சுருங்கினால், சிறிய ஆய்வின் பெரிய எண்ணில் தற்செயலும் கலந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சுருங்கிச் சுருங்கிப் பூஜ்யம் ஆகிவிடவில்லை. இதுவும் முக்கியம்.

வாழ்க்கைமுறை தரும் குழப்பம் தனி. ஊரில் நாலு பேரோடு உட்கார்ந்து பேசி டீ குடிக்கும் பெரியவருக்கு அந்தப் பேச்சும் நட்பும்கூட மூளைக்கு நல்லதுதான். மீன், சோயா, காய்கறி என்று சாப்பிடுபவரே கிரீன் டீயும் அதிகம் குடிப்பார். ஆய்வாளர்கள் வயது, கல்வி, புகை, மது, நடை எல்லாவற்றையும் கணக்கில் சரிசெய்கிறார்கள். ஆனால் ஒருவருடைய வாழ்க்கையை முழுக்க எந்தப் படிவத்திலும் பதிய முடியாது.

அதோடு, நன்மை கிரீன் டீக்கு மட்டும் சொந்தமா என்பதும் சந்தேகம். சிங்கப்பூரில் 55 வயதைத் தாண்டிய 957 சீனர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு, எந்தத் தேநீராக இருந்தாலும் வழக்கமாகக் குடிப்பவர்களுக்கு அறிவாற்றல் கோளாறு பாதி அளவே வந்ததாகச் சொன்னது. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஇ-4 மரபணு உள்ளவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு 86 சதவீதம். பிரிட்டனில் 3,65,682 பேரை வைத்துச் செய்த கணக்கில், தினமும் இரண்டு மூன்று கோப்பை காபியும் இரண்டு மூன்று கோப்பை டீயும் குடித்தவர்களுக்கு டிமென்ஷியா அபாயம் 28 சதவீதம் குறைவு. பிரிட்டனில் டீ என்றால் பெரும்பாலும் பால் ஊற்றிய கறுப்பு டீ! அதே நேரம் நகாஜிமாவில் கறுப்பு டீக்கும் காபிக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. அங்கே அவற்றைக் குடிப்பவர் குறைவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஸ்கேனில் தெரிந்த வெள்ளைப் புள்ளிகள்

2025-இல் கனஸாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கேள்வியையே வேறு விதமாகக் கேட்டார்கள். டிமென்ஷியா இல்லாத 65 வயதைத் தாண்டிய 8,766 பேரின் எம்ஆர்ஐ ஸ்கேன்களை எடுத்துக்கொண்டார்கள். வயதானவர்களின் ஸ்கேனில், மூளையின் வெண்பகுதியில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகச் சில புள்ளிகள் தெரியும். மிகச் சிறிய ரத்தக்குழாய்கள் பழுதாகி, அந்தப் பகுதிக்கு ரத்தம் சரியாகப் போகாததன் தடம் அது. இவை கூடக்கூட நடை தள்ளாடும், யோசனை மந்தமாகும், பக்கவாதமும் டிமென்ஷியாவும் நெருங்கும்.

நாளுக்கு 200 மில்லிக்கு மேல் கிரீன் டீ குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால், 600 மில்லி குடித்தவர்களுக்கு இந்தத் திட்டுகள் 3 சதவீதம் குறைவு. ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு 6 சதவீதம் குறைவு. காபிக்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸின் அளவிலோ, மூளையின் மொத்த அளவிலோ கிரீன் டீயால் வித்தியாசம் எதுவும் இல்லை. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் ஏபிஓஇ-4 மரபணு உள்ளவர்களிடமும் திட்டுகளிலும் பலன் காணவில்லை. சிங்கப்பூரில் யாருக்கு அதிகப் பலன் என்றார்களோ, அவர்களுக்கே இங்கே பலன் இல்லை. இப்படி ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதை மறைத்துவிட்டு எழுதினால் அது அறிவியல் எழுத்து ஆகாது.

ஆனாலும் இந்த ஸ்கேன் ஆய்வு எனக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. கிரீன் டீ மூளையில் வேலை செய்தால், அது அமிலாய்டைக் கரைத்து அல்ல, ரத்தக்குழாயைக் காப்பாற்றித்தான் என்று தோன்றுகிறது. அல்சைமர் முதலில் தாக்கும் ஹிப்போகேம்பஸில் மாற்றம் இல்லை. ரத்தக்குழாய்ப் பழுதின் அடையாளத்தில் மட்டும் மாற்றம். மருந்துச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால் கிரீன் டீ மேல் ரத்த அழுத்தத்தைச் சுமார் 2 புள்ளி இறக்குகிறது, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பையும் கொஞ்சம் குறைக்கிறது. ஒசாகி மக்களிடம் 1994-இல் தொடங்கிய பழைய ஆய்வில் 40,530 பேரைப் பார்த்தபோது, கிரீன் டீ அதிகம் குடித்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோய் மரணங்கள் குறைவாக இருந்தன. அதிலும் பக்கவாதத்தில்தான் வித்தியாசம் அதிகம். எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. இரண்டு புள்ளி ரத்த அழுத்தம் என்பது ஒரு மாதத்தில் தெரியாது. முப்பது, நாற்பது வருடம் தினமும் கிடைத்தால் மூளையின் மெல்லிய குழாய்களுக்கு அது லாபம்தான். தட்டில் தேவைப்படும் அந்தப் பெரிய செறிவும் இதற்குத் தேவையில்லை. குழாயின் உட்சுவர் ரத்தத்தையே தொட்டுக்கொண்டிருக்கிறது, மூளைத் தடுப்பைத் தாண்டும் பிரச்சினையே கிடையாது.

மருந்தாகக் கொடுத்துப் பார்த்தபோது

ஒரு பொருளுக்கு உண்மையில் பலன் உண்டா என்று தெரிய வேண்டுமானால், குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்து ஓர் அணிக்கு அதையும் இன்னோர் அணிக்குப் போலியையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். கிரீன் டீயில் அப்படிப்பட்ட சோதனைகள் குறைவு, சிறியவை.

ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரியாக 85 வயதுக்காரர்கள் 33 பேரை எடுத்து, ஒரு பாதிக்குத் தினமும் 2 கிராம் கிரீன் டீப் பொடியை ஒரு வருடம் கொடுத்தார்கள். 2016-இல் முடிவு வந்தது. ஞாபகத் தேர்வில் இரு அணிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2024-இல் இன்னும் கொஞ்சம் பெரிய சோதனை: ஞாபகம் குறைகிறது என்று உணர்ந்த, 60 முதல் 85 வயதுவரை உள்ள 99 பேர், தினமும் 2 கிராம் மாட்சா, ஒரு வருடம். பொதுவான அறிவாற்றல் தேர்வில் மாற்றம் இல்லை. ஆனால் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை அடையாளம் காணும் திறன் கூடியிருந்தது, தூக்கமும் சற்று நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தது.

கடுமையான சோதனை ஜெர்மனியில் நடந்தது. மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி என்ற கொடிய நரம்புநோயில் ஆல்ஃபா சினுக்ளீன் கட்டிகள்தான் பிரச்சினை. தட்டில் இஜிசிஜி திசைமாற்றிய அதே புரதம். அந்த நோயாளிகள் 92 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு இஜிசிஜியையே செறிவாக 48 வாரம் கொடுத்தார்கள். நோய் வேகம் குறையவில்லை. சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது. 2019-இல் லான்செட் நியூராலஜி மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானபோது, தட்டிலிருந்து நேரே நோயாளிக்குத் தாவும் கனவுக்குப் பெரிய அடி விழுந்தது. நோய் முற்றிய பிறகு கொடுத்ததால் பலிக்கவில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் இருபது வருடம் முன்கூட்டியே ஆரம்பித்து, ஆயிரக்கணக்கானவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணியை டீயே குடிக்காமல் இருக்கச் சொல்லும் சோதனையை யாரும் நடத்தப்போவதில்லை.

ஆகவே கேப்ஸ்யூலைப் பற்றி நான் கறாராகவே சொல்வேன்: வேண்டாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எல்லாத் தரவுகளையும் அலசி, கொதிநீரில் ஊறவைத்துக் குடிக்கும் கிரீன் டீ பொதுவாகப் பாதுகாப்பானது என்றது. ஆனால் சாறு மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இஜிசிஜி எடுத்தால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்றும் சொன்னது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அளவுக்குக் கீழேதான் விற்க வேண்டும், வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது என்று அட்டையில் அச்சிட வேண்டும் என்று விதியே கொண்டுவந்தது. வெறும் வயிற்றில் இஜிசிஜி பல மடங்கு அதிகமாக ரத்தத்துக்கு ஏறும் என்பதுதான் காரணம். எடை குறைய என்று விற்கும் கிரீன் டீ மாத்திரைகளைக் காலையில் வெறும் வயிற்றில் போடும் பழக்கம் நம் ஊரிலும் இருக்கிறது. இதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்பது 2023-இல் வந்த மதிப்பீடு. உலகில் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் 14 காரணிகளை அடுக்கியது. காது மந்தம், பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்டிஎல், புகை, தனிமை எல்லாம் அதில் உண்டு. தேநீர் இல்லை. வீட்டில் பெரியவர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், கிரீன் டீ டப்பா வாங்குவதற்கு முன்னால் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கிரீன் டீ குடிப்பது இருந்த பாதுகாப்பையும் உதறிவிடுவது.

இவ்வளவும் ஒழுங்காக நடக்கிறது, அதோடு கிரீன் டீயும் குடிக்கப் பிரியம் என்றால் தாராளமாகக் குடிக்கலாம். பால் வேண்டாம். பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் 16 பெண்களை வைத்துக் கறுப்பு டீயில் செய்த ஒரு சிறிய ஆய்வு, டீ குடித்ததும் ரத்தக்குழாய் நன்றாக விரிவதையும், பால் சேர்த்தால் அந்தப் பலன் போய்விடுவதையும் 2007-இல் காட்டியது. பாலின் கேசீன் புரதம் கேட்டச்சினைப் பிடித்துக்கொள்கிறது. சர்க்கரை வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பு அதிகம் இறங்கும், பெரியவர் இரண்டாம் நாளே வேண்டாம் என்பார். கொதித்த நீரை நாலைந்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஊறவைத்தால் போதும்.

சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது. கேட்டச்சின், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ரத்தசோகை இத்தனை பரவலாக இருக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இரும்புச்சத்து மாத்திரைக்கு அதைவிட அதிகம். மதியம் மூன்று மணிக்குப் பிறகும் வேண்டாம். வயதாக ஆகக் கஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்கும். மூளைக்கு நல்லது என்று குடித்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால் நஷ்டம் அதிகம்.

மருந்து சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாடோலோல் என்ற ரத்த அழுத்த மருந்தை வைத்து ஜப்பானில் 2014-இல் பார்த்தபோது, கிரீன் டீயோடு எடுத்தவர்களின் ரத்தத்தில் மருந்தின் அளவு எண்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. எந்த மருந்தாக இருந்தாலும் வெறும் தண்ணீரில் விழுங்குவதே சரி. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வேலையை வைட்டமின் கே கெடுக்கும். அதைச் சாப்பிடுபவர்களுக்கு ஊறவைத்து வடிகட்டிய டீயால் பெரிய சிக்கல் வருவதில்லை, ஏனென்றால் வைட்டமின் கே தண்ணீரில் அதிகம் இறங்காது. மாட்சா அப்படி இல்லை. இலையையே பொடித்துக் குடிப்பதால் வைட்டமின் கே மொத்தமும் உள்ளே போய்விடும். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மாட்சாவை ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனையை முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும்.